உறவும் சிகிச்சையும்: அம்பாறைக் கரையோரத்தில் உளவளத்துணைப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உளச்சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோட்பாடுகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். எவர் எந்த ஆண்டில் எக்கருத்தை முன்வைத்தார், அதனை மறுத்தவர் யார் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. அக்கோட்பாடு ஒரு பயிலுநருக்கு எங்ஙனம் கற்பிக்கப்பட்டது, கற்றவர் துயருற்ற ஒருவரின் முன் சென்று அமர்ந்தபோது அதில் எவ்வளவு எஞ்சியது என்னும் வினாக்களோ அருமையாகவே எழுப்பப்படுகின்றன. கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் அண்மைக்கால அனுபவம் இவ்வினாக்களைத் தவிர்க்கவொண்ணாதனவாக்குகின்றது. மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் எனக் கடலுக்கும் வயலுக்குமிடையே நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்களையும், அவற்றோடு ஊடறுத்து அமைந்த பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களையும் மனங்கொண்டே இக்கட்டுரையை நாம் எழுதுகின்றோம்.

முதலில் கோட்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சிக்மண்ட் பிராய்டின் தொடக்ககாலச் சிந்தனையில் மனிதன் உந்தல்களின் தொகுதியாகவே கருதப்பட்டான். பிறர் அவ்வுந்தல்களுக்கு இலக்குகளாக மட்டுமே இடம்பெற்றனர். சிகிச்சையாளரும் நோயாளரின் உள்ளத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாக இருக்கவேண்டியவராகக் கொள்ளப்பட்டார். இதிலிருந்து முதலில் விலகியவருள் ஹங்கேரியரான சாண்டோர் பெரன்சி குறிப்பிடத்தக்கவர். 1932இல் அவர் வாசித்த இறுதிக் கட்டுரை, குழந்தைக்கு நேர்ந்த தீங்கைப் பெரியவர்கள் மறுக்கும்போது அம்மறுப்பே தீங்கினைக் காட்டிலும் ஆழமான காயமாகிவிடுகின்றது என்ற கருத்தைக் கொண்டிருந்தது. சிகிச்சையாளரும் அத்தகைய மறுப்பாளராகிவிடலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சகபாடிகள் அக்கட்டுரையை விரும்பவில்லை. ஸ்கொட்லாந்தில் பெயர்பேண் 1940களில், மனிதன் அடிப்படையில் நாடுவது இன்பத்தையன்று, மற்றொரு மனிதனையே என்று வாதித்தார். வினிக்கொட், தாயிலிருந்து பிரித்துக் குழந்தையைப் பற்றிப் பேசவே இயலாது என்னும் நிலைப்பாட்டுக்கு வந்தார். அமெரிக்காவில் ஹரி ஸ்டக் சலிவன் உளநோயை ஆட்களுக்கிடையே நிகழும் ஒன்றாகக் கண்டார். இந்த ஓடைகளை ஒன்றிணைத்து ஸ்டீபன் மிச்செலும் ஜே கிறீன்பேர்க்கும் 1983இல் வெளியிட்ட நூலும், மிச்செல் 1988இல் தனித்து எழுதிய நூலும் இன்று உறவுநிலைக் கோட்பாடு எனப்படுவதற்கு உருவம் தந்தன. சிகிச்சையாளர் வெளியே நின்று பார்ப்பவரல்லர். நோயாளரின் பழைய உறவுகளின் சிக்கல் சிகிச்சை அறைக்குள் இருவருக்குமிடையே மீண்டும் நிகழ்கின்றது. அதனை இருவரும் சேர்ந்து கண்டுகொள்வதிலேயே குணப்பாடு தொடங்குகின்றது என்பது அதன் சாரம்.

பயிற்சியின் வரலாறு வேறொரு பாதையிற் சென்றது. 1920இல் பேர்லினில் நிறுவப்பட்ட சிகிச்சை நிலையத்தில் மக்ஸ் ஐற்றிங்கனும் அவரது தோழர்களும் வகுத்த முறை மூன்று தூண்களைக் கொண்டது: பயிலுநர் தாமே உளப்பகுப்புக்கு உட்படுதல், கோட்பாட்டு வகுப்பு, மேற்பார்வையின்கீழ்ச் சிகிச்சை அளித்தல். அந்நிலையம் வசதியற்றோருக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை அளித்தது என்பதை இங்கு நினைவூட்டுதல் தகும். பிற்காலத்தில் இம்முறை உலகெங்கும் செல்வந்தர் தொழிலாக மாறியபோது இச்செய்தி வசதியாக மறக்கப்பட்டது. 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை அமைத்தார். இலங்கையின் உளமருத்துவமோ 1873ஆம் ஆண்டின் பித்தர் கட்டளைச் சட்டத்திலிருந்தும், 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை மருத்துவமனையிலிருந்தும் வளர்ந்தது. காவலும் தடுத்துவைப்பும் அதன் முதல் முகங்கள். கல்முனையிலிருந்த ஒரு குடும்பத்துக்கு அங்கொடை தீவின் மறு கரையிலிருந்தது. அங்கு அனுப்பப்படுதல் ஊரிலிருந்து துண்டிக்கப்படுதலே.

இதனால் இக்கரையோரத்தில் உளத்துயருக்கான வழிகள் மருத்துவமனைக்கு வெளியிலேயே நெடுங்காலம் இருந்துவந்தன. பயந்துபோன பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தல், நூல் கட்டுதல், பரிசாரியிடம் போதல், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஏற்றப்படும் கொடிக்கு நேர்த்தி வைத்தல் என்பன அவற்றுட் சில. அயலிலுள்ள தமிழ் ஊர்களில் அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோர் போரில் காணாமற்போனவரின் தாய்மாருக்கு வாக்குச் சொல்லியதையும், அத்தாய்மாரின் வேதனையைத் தம் உடலிலேயே ஏற்றுக் காட்டியதையும் மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் மட்டக்களப்புப் பகுதியில் ஆராய்ந்துள்ளார். இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது முற்போக்குச் சிந்தனையாளருக்கு எளிது. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே ஒதுக்கினோம். ஆயின், துயரைத் தாங்கவும் அதற்கொரு பெயரிடவும் இவ்வழிகள் பயன்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். நம்பிக்கையின் நிழலில் வணிகம் புகும்போது நிகழ்வது இது.

2004 டிசம்பர் 26இல் வந்த கடல், இலங்கையின் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே மிகுந்த உயிர்களைக் கொண்டுசென்றது. இம்மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் அழிந்தன. அதன்பின் வந்த மாதங்களில் நிவாரணப் பொருள்களோடு உளவளத்துணையும் வந்திறங்கியது. ஓரிரு நாள்களிலிருந்து சில வாரங்கள்வரை நீண்ட பயிற்சிகள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் நடந்தன. பயிற்றுநர் பலர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசினர். மனவடுவின் அறிகுறிகளைக் கேட்டறியும் வினாக்கொத்துகள், மூச்சுப் பயிற்சி, கேட்கும் திறன் என்பன கற்பிக்கப்பட்டன. அனர்த்தம் நேர்ந்தவுடன் நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கவைக்கும் முறை பயன் தருவதில்லை என்பது 2002ஆம் ஆண்டிலேயே ஆய்வுத் தொகுப்பொன்றினால் எடுத்துக்காட்டப்பட்டிருந்தும், அத்தகைய முறைகளும் வந்தன. இவ்வகைத் தலையீடுகளுக்கெனச் சர்வதேச அமைப்புகள் பொது வழிகாட்டியொன்றை வெளியிட்டது 2007இல். அதாவது பேரலைக்கு இரண்டாண்டுகளின் பின்னர்.

இப்பயிற்சிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவற்றைக் கற்ற இளைஞரும் யுவதியருமே பின்னர் இப்பகுதியின் உளநலப் பணியாளர்களாயினர். மட்டக்களப்பில் உளமருத்துவர் மகேசன் கணேசன் போன்றோர் மருத்துவமனையை விட்டு ஊருக்குள் சேவையைக் கொண்டுசென்ற முயற்சியும் இக்காலத்துக்கு உரியதே. பயிற்சியின் உள்ளமைப்பே ஈண்டு நம் கவனத்துக்குரியது. பேர்லின் முறையின் மூன்று தூண்களுள் வகுப்பு மட்டுமே இங்கு வந்தது. தன்னை அறிதலும் தொடர்ந்த மேற்பார்வையும் வரவில்லை. அவ்வகுப்பிலும் உறவு என்பது ஒரு நுட்பமாகச் சுருங்கியது: கண்ணைப் பார், தலையசை, சொன்னதைத் திருப்பிச் சொல்.

கயத்ரி பெர்னாண்டோ என்னும் இலங்கை உளவியலாளர் 2005 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், இலங்கையர் அனர்த்தத்தின் பாதிப்பைத் தனியாளின் உள்ளே நிகழும் கோளாறாகக் காட்டிலும் குடும்பத்திலும் ஊரிலும் தமக்கிருந்த இடம் குலைந்ததாகவே கூறுகின்றனர் எனக் காட்டினார். இதற்கு முன்பே கணநாத் ஒபேசேகர 1985இல், மேனாட்டு மருத்துவர் மனச்சோர்வு என்று காணக்கூடியதை ஒரு பௌத்தர் உலக இயல்பு பற்றிய தெளிவாகவும் கொள்ளக்கூடும் என வாதித்திருந்தார். நம் கரையோர மக்களின் பேச்சும் இதையே உணர்த்தும். 'நெஞ்சு அடைக்குது', 'ஒரே யோசனை' என்று உடலிலும் சிந்தனையிலும் தொடங்கும் கூற்று, அடுத்த மூச்சில் மகளின் வீட்டுக்கும் மருமகனின் தொழிலுக்கும் போய்விடும்.

வீடு என்று சொன்னோம். இக்கரையோரத்தின் சமூக அமைப்பை அறியாதவர் அச்சொல்லின் பாரத்தை உணர்வது அரிது. இங்கே முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி தாய்வழியில் வருகின்றது. மகளுக்குத் திருமணமாகும்போது வீடுவளவு அவளுக்குச் சீதனமாகின்றது. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுகின்றான். பெற்றோர் அருகிலேயே சிறு வீட்டுக்கு விலகுகின்றனர். அக்காவும் தங்கையும் உம்மம்மாவும் சாச்சியும் ஒரே வளவைச் சூழ வாழ்வர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். கடல் ஒரு தெருவை அழித்தபோது பெண்வழி உறவின் கொத்தொன்று முழுதாகவே அழிந்தது. மனைவியை இழந்தவன் தான் வாழ்ந்த வீட்டில் தனக்கிருந்த உரிமையையும் கூடவே இழந்தான், அவ்வீடு அவளுடையது. பின்னர் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென அரசு விதித்த தடையும், புதிய வீடுகளின் உறுதிகளைக் குடும்பத் தலைவர் என்ற வகையில் ஆணின் பெயருக்கு எழுதும் வழக்கமும் இவ்வுறவமைப்பின் அடியிலேயே கைவைத்தன. வினாக்கொத்தில் இவற்றுக்கெல்லாம் கட்டம் இருக்கவில்லை.

இத்தகைய சமூகத்தில் உறவுநிலைக் கோட்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை என வாதிப்போரும் உளர். மேற்கு நாட்டவன் தனியனாகிப்போனதால் உறவைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது, நமக்கு அது இயல்பிலேயே உண்டு என்பர். இவ்வாதம் இனிமையானது, ஆயினும் ஏற்புடையதன்று. மார்கிரெட் றாவிக் தமிழகக் குடும்பமொன்றில் வாழ்ந்து 1990இல் எழுதிய நூல், நம் அன்பு எத்துணை மறைப்பும் கொடுமையும் கலந்து வெளிப்படுகின்றது என்பதை உணர்த்தியது. உறவு தாங்கும், உறவு நெரிக்கவும் செய்யும். கணவனின் அடி, சீதனக் கடன், விதவையின்மீது ஊரார் கண் என்பனவும் உறவுகளே. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குடும்பப் பிணக்கைக் கேட்கும் காதியாக ஆணையே நியமிக்க இடமளித்தது. ஒரு பெண் தன் மணவாழ்வின் அவலத்தைச் சொல்லும் சட்டபூர்வமான இடத்தில் கேட்பவர் எப்போதும் ஆணே. உறவுநிலைக் கோட்பாட்டின் பயன், உறவு நல்லது எனச் சொல்வதிலன்றி, உறவுக்குள் என்ன நிகழ்கின்றது என்று கேட்கக் கற்பிப்பதிலேயே உள்ளது.

அதனை எங்ஙனம் கற்பிப்பது? ஒரு நிலைமையை விளக்கத்துக்காக நாமே கட்டமைத்து நோக்குவோம். இது எந்தத் தனியாளரின் கதையுமன்று. மருதமுனையைச் சேர்ந்த இருபத்துநான்கு வயதுப் பயிலுநர் ஒருத்தி. பேரலையில் ராத்தாவின் பிள்ளையை இழந்தவள். சாய்ந்தமருதில் அவள் சந்திக்கும் தாயின் பிடியிலிருந்து மகன் நழுவிப்போனான், மையித்தும் கிடைக்கவில்லை. தாய் அவளை 'மகள்' என்று அழைத்து, தேத்தண்ணீர் வைத்துக் கொடுக்கின்றாள். பயிற்சிக் கையேடு மூடிய அறை வேண்டுமென்கின்றது. இங்குள்ளது விறாந்தை, வேலிக்கு அப்பால் மூன்று மாமிமார். கையேடு எதனையும் ஏற்கவேண்டாம் என்கின்றது. தேத்தண்ணீரை மறுப்பதோ இவ்வூரில் அவமதிப்பு. தாய் அந்தக் காலையை நினைத்து வாய்திறந்தவுடன் பயிலுநர், 'சபுர் செய்யுங்க, எல்லாம் அல்லாஹ்வின்ட நாட்டம்' என்று விரைந்து சொல்லிவிடுகின்றாள். தாய் தலையசைத்து, அதன்பின் அரிசி விலை பற்றிப் பேசுகின்றாள்.

அந்த வாரம் பயிலுநர் இதனை மேற்பார்வையாளரிடம் கூறுகின்றாள். அவர் பாதியிலேயே குறுக்கிட்டு, எந்த நுட்பத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என விளக்கத் தொடங்குகின்றார். அவள் தலையசைத்து அறிக்கைப் படிவத்தைப் பற்றிக் கேட்கின்றாள். தாய்க்கு நிகழ்ந்தது பயிலுநருக்கும் நிகழ்ந்துவிட்டது. ஹரல்ட் சேர்ள்ஸ் 1955இல் எழுதிய கட்டுரையொன்று இதனையே கவனித்தது: நோயாளருக்கும் சிகிச்சையாளருக்குமிடையே பேசப்படாமல் நின்றது, சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்குமிடையே மீண்டும் தோன்றும், மேற்பார்வையாளர் தம் பொறுமையின்மையையே ஒரு செய்தியாக வாசிக்கலாம். நம் மேற்பார்வையாளர் சற்று நின்று, 'நான் ஏன் இவ்வளவு அவசரப்பட்டேன்?' என்று கேட்பாராயின், அவள் தன் ராத்தாவின் பிள்ளையைப் பற்றிப் பேச இடம் பிறக்கும். பேசியபின் அடுத்த கிழமை அந்தத் தாய் வாய்திறக்கும்போது அவளால் சற்று நேரம் பேசாதிருக்க இயலும். 'சபுர்' என்ற சொல்லையும் கைவிடவேண்டியதில்லை. தாய் அதனைத் தானாகச் சொல்லும்வரை காத்திருந்தாற் போதும். கோட்பாடும் நடைமுறையும் ஒன்றிணையும் இடம் இதுவே. இதற்கு உயர்ந்த கட்டணமோ பல்லாண்டுகாலத் தனியாள் பகுப்போ தேவையில்லை. ஒரு மேசையும், கிழமைக்கொரு மாலைப்பொழுதும், அடிக்கடி மாற்றலாகாத ஒரு மேற்பார்வையாளரும் வேண்டும். மைக்கல் பாலின்ற் இலண்டனில் 1950களில் பொது வைத்தியர்களைக் குழுவாக அமர்த்தி, மருந்தைவிட வைத்தியருக்கும் நோயாளருக்குமிடையிலான உறவையே பேசவைத்த முறை, நம் சூழலுக்கு அண்மித்த முன்மாதிரி எனக் கருதுகின்றோம். திட்ட நிதி முடிந்ததும் முதலில் நிறுத்தப்படுவது மேற்பார்வையே என்பதுதான் இடர்.

இன்னொரு சிக்கல் இதனினும் கடினமானது. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் கிழக்கின் தமிழ் ஊர்களிலும் பெருந்தொகையான கொலைகளும் காணாமலாக்குதலும் நிகழ்ந்தன. ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தவரை எண்ணியது. கல்முனையில் இன்று இரண்டு பெரிய அரச மருத்துவமனைகள் இருப்பதும், ஒன்றைத் தமிழர் தமதென்றும் மற்றதை முஸ்லிம்கள் தமதென்றும் கருதுவதும் தற்செயலன்று. தமிழ் உளவளத்துணையாளர் முன் முஸ்லிம் பெண் அமரும்போதும், முஸ்லிம் பணியாளர் முன் தமிழ்த் தாய் அமரும்போதும் அறையில் இருவர் மட்டும் இல்லை. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இரு சமூகப் பிள்ளைகளையும் ஒரே தோட்டத்தில் விளையாடவும் கதை புனையவும் வைத்தது; அதன் நிறுவனருள் ஒருவரான அருட்தந்தை போல் சற்குணநாயகம் உளவளத்துணைப் பயிற்சியாளருமாவார். பிள்ளைகளுக்குச் செய்ததை வளர்ந்த பயிலுநருக்கும் செய்யவேண்டியிருந்தது. இரு சமூகத்தாரும் ஒரே மண்டபத்திலிருந்து கற்றாலும், அவர்களுக்கிடையிலிருந்த 1990ஐப் பயிற்சி தொடாது விடுமாயின், பெரன்சி சொன்ன மறுப்பாளராகப் பயிற்றுநரே ஆகிவிடுகின்றார்.

2019 ஏப்பிரல் 21இன் குண்டுவெடிப்புகளும், ஏப்பிரல் 26இல் சாய்ந்தமருது வீடொன்றில் பெண்களும் குழந்தைகளும் உட்பட மாண்ட நிகழ்வும் இதனை மேலும் இறுக்கின. அவசரகால விதியால் முகம் மறைத்தல் தடைசெய்யப்பட்ட மாதங்களில், முகத்திரையணிந்த பெண்ணொருத்தி கிளினிக்குக்கு வருவதே ஓர் அரசியல் நிகழ்வாயிற்று. 2020 ஏப்பிரலிலிருந்து 2021 பெப்ரவரிவரை கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024இல் அரசு மன்னிப்புக் கோரியது. ஜனாஸா மறுக்கப்பட்டவரின் குடும்பத்துக்குத் துயர் ஆற்றச் செல்லும் பணியாளர் அரசின் ஊழியராகவும் இருப்பாராயின், அவர் எவருடைய முகத்தோடு செல்கின்றார்? 2004இல் கடல் செய்ததற்கு நாட்டம் என்ற விடை இருந்தது. சட்டத்தால் நேர்ந்ததற்கு அவ்விடை பொருந்தவில்லை என்பதை மக்கள் நன்கறிந்திருந்தனர். கோபத்தை நோயின் அறிகுறியாகப் பதிவுசெய்யும் பயிற்சி இவ்விடத்தில் அநீதிக்கு உடந்தையாகின்றது.

இறுதியாக ஒரு சொல்வழக்குப் பற்றிக் குறிப்பிடவேண்டும். இலங்கைத் தமிழில் இத்துறைக்கு உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என மூன்று சொற்களேனும் வழங்குகின்றன. சீர்மியம் திருத்துவதை உணர்த்துகின்றது. ஆற்றுப்படுத்தலோ பழைய ஆற்றுப்படையை நினைவூட்டும்: தானும் வறுமையில் நடந்து, ஓரிடத்தில் பரிசில் பெற்றுத் திரும்புகின்ற பாணன், எதிரே வருகின்ற மற்றொரு பாணனுக்கு வழிசொல்கின்றான். வழிசொல்பவன் வழியறிந்த நிபுணனாக வெளியிலிருந்து வந்தவனல்லன். அதே புழுதியில் நடந்தவன். உதவி தேடி வருபவரைக் கையேடுகள் துணைநாடி என்கின்றன, நல்ல சொல்லே. ஆயினும் கல்முனைக் கரையோரத்தில் எந்தப் பயிலுநரும் விறாந்தையில் அமர்ந்து ஒருவரை அச்சொல்லால் அழைப்பதில்லை. சாச்சி என்கின்றார், ராத்தா என்கின்றார், தமிழ் ஊரிற் சென்றால் அக்கா என்கின்றார். மாலையில் அறிக்கை எழுதும்போது அவர்களெல்லாரும் துணைநாடி இலக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்றாகிவிடுகின்றனர்.